சில்க் போர்டு நெரிசலுக்கும் தொப்பூர் இறக்கத்துக்கும் ஒரே கார்: பழைய செடான் வாங்கவிருக்கும் வாசகருக்குப் பதில்

வாசகர் கேள்வி: பெங்களூரு அல்சூரில் குடும்பத்துடன் வசிக்கிறேன். எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை. வாரத்தில் நான்கு நாள் அலுவலகம் போகிறேன். மாதம் இருமுறை பெற்றோரைப் பார்க்க நாமக்கல் செல்வோம். என் மனைவியும் கார் ஓட்டுவார். அவருக்கு ஆட்டோமேட்டிக் மட்டுமே பழக்கம். நல்ல பிக்கப் உள்ள, நெடுஞ்சாலையில் நிலையாக ஓடக்கூடிய ஒரு செடான் வேண்டும் என்பது என் பல வருட ஆசை. 18 லட்சம் ரூபாய் வரை செலவழிக்க முடியும். மூன்று பழைய கார்களைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று, 2014ஆம் ஆண்டு பி.எம்.டபிள்யூ. 328ஐ, டெல்லிப் பதிவு, 58,000 கி.மீ. ஓடியது, 15 லட்சம் கேட்கிறார்கள். இரண்டாவது, 2018ஆம் ஆண்டு ஸ்கோடா ஆக்டேவியா 1.8 டி.எஸ்.ஐ.; பெங்களூருப் பதிவு, 71,000 கி.மீ., 15.5 லட்சம். மூன்றாவது, 2022ஆம் ஆண்டு ஃபோக்ஸ்வாகன் விர்ட்டஸ் ஜி.டி. டி.எஸ்.ஜி.; இதுவும் பெங்களூருப் பதிவு, 34,000 கி.மீ., 14.25 லட்சம். எதை வாங்கலாம்? வாங்குவதற்கு முன் எப்படிச் சோதிப்பது? வாங்கிய பிறகு ரீமேப் செய்து, அதாவது எஞ்சினின் மென்பொருளை மாற்றி, பவரைக் கூட்டிக்கொள்ளலாமா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு, வணக்கம். முதலில் முடிவைச் சொல்லிவிட்டுக் காரணங்களுக்கு வருகிறேன். நீங்கள் குறிப்பிட்ட மூன்றில் விர்ட்டஸை வாங்குங்கள். ஆனால் அதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு: நிறுவனத்தின் நீட்டிக்கப்பட்ட உத்தரவாதம் அந்தக் காருக்கு இருக்க வேண்டும், அல்லது இப்போது வாங்கிச் சேர்த்துக்கொள்ளக் கூடியதாக இருக்க வேண்டும்; கீழே நான் சொல்லும் கிளட்ச் சோதனையிலும் அது தேற வேண்டும். கிளட்ச் தொகுதியை அண்மையில் மாற்றியதற்கான பில்லை உரிமையாளர் காட்டினால் மட்டும் ஆக்டேவியாவைப் பரிசீலிக்கலாம். 328ஐ உங்களுக்கு வேண்டாம்.

பழைய கார்களைச் சோதித்துச் சொல்வது இந்த ஊரில் எனக்கு இருபது ஆண்டுக்கும் மேலான தொழில். பிக்கப் உள்ள கார் வேண்டும் என்று வருபவர்கள் பெரும்பாலும் எஞ்சினைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எத்தனை பி.எஸ். (குதிரைத்திறன்), நூறு கிலோமீட்டர் வேகத்தை எத்தனை நொடியில் தொடும் என்பதே அவர்களுடைய கேள்வி. ஆனால் உங்கள் வாழ்க்கையில் அந்தக் காரின் நலத்தைத் தீர்மானிக்கப்போவது எஞ்சின் அல்ல, கியர்பாக்ஸ். நாமக்கல் வரையிலான இருநூற்றைம்பது சொச்சம் கிலோமீட்டர் எந்தக் காருக்கும் சுகமான வேலை. அல்சூரிலிருந்து ஆடுகோடி, மடிவாளா வழியாக சில்க் போர்டு சந்திப்பு வரை ஊர்ந்து செல்லும் அந்தச் சில கிலோமீட்டர்தான் காரைத் தின்னும். அங்கிருந்து மேம்பாலத்தில் ஏறிவிட்டால் எலக்ட்ரானிக் சிட்டி வரை மூச்சு விடலாம். அதற்கு முன் முதல் கியருக்கும் இரண்டாம் கியருக்கும் இடையில் கார் எத்தனை முறை மாறுகிறது என்று ஒரு நாள் எண்ணிப் பாருங்கள்.

ஆக்டேவியா 1.8, விர்ட்டஸ் ஜி.டி. இரண்டிலும் இருப்பது ஏழு வேக டி.எஸ்.ஜி. கியர்பாக்ஸ். இதில் இரண்டு கிளட்சுகள் உண்டு. ஒற்றைப்படை கியர்களை ஒன்றும், இரட்டைப்படை கியர்களையும் ரிவர்ஸையும் மற்றொன்றும் கவனித்துக்கொள்கின்றன. அடுத்த கியர் முன்கூட்டியே தயாராக நிற்பதால் மாற்றம் கண்ணிமைக்கும் நேரத்தில் நடந்துவிடுகிறது. நெடுஞ்சாலையில் லாரியை முந்தும்போது இதன் அருமை தெரியும். ஆனால் இந்த வகையில் கிளட்சுகள் எண்ணெயில் நனைந்து குளிர்வதில்லை. சாதாரண மேனுவல் காரின் கிளட்சைப் போல உலர்ந்தே உராய்கின்றன. 'பாதிக் கிளட்சில் ஓட்டாதே' என்று டிரைவிங் ஸ்கூலில் திட்டு வாங்காதவர் நம்மில் குறைவு. ஊர்ந்து நகரும் வரிசையில் இந்தக் கியர்பாக்ஸ் நமக்காகச் செய்துகொண்டிருப்பது அந்தப் பாதிக் கிளட்ச் வேலையைத்தான். வெப்பம் ஏறுகிறது, தகடு தேய்கிறது, பிறகு முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாறும்போது கார் நடுங்கத் தொடங்குகிறது. கிளட்சுகளையும் கியர்களையும் இயக்கும் மெக்கட்ரானிக் என்ற மின்-ஹைட்ராலிக் பகுதியும் பழுதானால் செலவு லட்சக் கணக்கில் போகும்.

இந்தக் கியர்பாக்ஸ் ஏறத்தாழ 250 நியூட்டன் மீட்டர் இழுவிசையை (டார்க்) தாங்கும்படி அமைக்கப்பட்டது. ஆக்டேவியா 1.8 எஞ்சினின் திறன் 180 பி.எஸ்.; இழுவிசை சரியாக 250. அதே 1.8 எஞ்சின் மேனுவல் கியருடன் வந்த சூப்பர்ப் காரில் 320 நியூட்டன் மீட்டர் தந்தது. ஆக, ஆக்டேவியாவில் எஞ்சினைக் கட்டி வைத்திருப்பது கியர்பாக்ஸின் எல்லைதான். விர்ட்டஸின் 1.5 எஞ்சின் தருவது 150 பி.எஸ்.; இழுவிசை அதிலும் 250தான். ஆக்டேவியாவின் கூடுதல் 30 பி.எஸ். எஞ்சினை மேல் சுற்றுகளுக்கு விரட்டும்போதுதான் தெரியும். நீங்கள் தினமும் ஓட்டும் வேகங்களில் இரண்டுக்கும் இடையில் வித்தியாசத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

நெடுஞ்சாலையை மட்டும் வைத்து முடிவு செய்வதாக இருந்தால் ஆக்டேவியாவே மேலான கார். இதை மறைக்க நான் விரும்பவில்லை. பின்சக்கரங்கள் தனித்தனியே அசைய உதவும் மல்டி-லிங்க் சஸ்பென்ஷன், கண்ணாடியோடு சேர்ந்து உயரும் பின்கதவு, 590 லிட்டர் டிக்கி என்று அதற்குக் கூடுதல் தகுதிகள் உண்டு. தருமபுரியைத் தாண்டி வெறிச்சோடிய சாலையில் அது போகும் அமைதி விர்ட்டஸுக்கு வராது. ஆனால் 71,000 கி.மீ. பெங்களூரில் ஓடிய உலர் கிளட்சுக்கு வயது ஆகிவிட்டது. நிறுவன உத்தரவாதம் முடிந்த காரில் அந்தச் செலவு வந்தால் முழுவதும் உங்கள் தலையில்தான் விழும். விர்ட்டஸுக்கு நான்கு ஆண்டு அல்லது 1,00,000 கி.மீ. என்ற அடிப்படை உத்தரவாதமும், பணம் கட்டி நீட்டிக்கும் வசதியும் உண்டு. தரையிலிருந்து 179 மி.மீ. உயரம் இருப்பதால் நம் தெருக்களின் வேகத்தடைகளில் அடி தட்டாது. உங்கள் பெற்றோரையும் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு வரும்போது இது பெரிய நிம்மதி. டிக்கியும் 521 லிட்டர். 2023இல் குளோபல் என்.சி.ஏ.பி. மோதல் சோதனையில் பெரியவர்கள், குழந்தைகள் இரு பிரிவிலும் ஐந்து நட்சத்திரம் பெற்ற கார் அது.

328ஐ ஏன் வேண்டாம் என்று கேட்பீர்கள். கியர்பாக்ஸை மட்டும் பார்த்தால் மூன்றில் சில்க் போர்டுக்கு மிகவும் ஏற்றது அதுதான். எட்டு வேக டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக். எஞ்சினையும் சக்கரங்களையும் எண்ணெய் வழியாக இணைப்பதால் எவ்வளவு ஊர்ந்தாலும் உராய்ந்து தேய கிளட்ச் தகடு இல்லை. 245 பி.எஸ்., 350 நியூட்டன் மீட்டர், பின்சக்கர இழுவை. ஓட்டிப் பார்த்தவர் மனம் திரும்புவது கடினம். ஆனால் அந்தக் காலத்து 2.0 டர்போ எஞ்சினில் வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும் டைமிங் செயினைத் தாங்கும் பிளாஸ்டிக் வழிகாட்டிகள் நொறுங்கும் குறை உலகம் முழுவதும் அறியப்பட்டது. உடைந்த துண்டுகள் எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் தங்கும் ஆயில் சம்ப்பில் விழுந்து பம்பின் உறிஞ்சு வாயை அடைத்தால் எஞ்சினே போய்விடும். அந்த வேலை முன்பே முடிந்திருக்கிறது என்பதற்குக் காகிதம் இல்லாமல் 2014 காரை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. காற்று போனாலும் சிறிது தூரம் ஓடக்கூடிய அதன் ரன்-ஃப்ளாட் டயர்களின் பக்கச் சுவர் விறைப்பானது. மழைக்குப் பிறகான பெங்களூருக் குழிகளில் டயர் புடைப்பதும் ரிம் வளைவதும் வழக்கமாக நடப்பவை.

அதோடு அது டெல்லிப் பதிவு. பழைய ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் படிவம் 28 வழியாகத் தடையின்மைச் சான்று வாங்கி, கர்நாடகத்தில் மறுபதிவு செய்து, வாழ்நாள் வரியும் கட்ட வேண்டும். அந்த வரியைக் கணக்கிடுவது நீங்கள் கொடுக்கும் 15 லட்சத்தின் மீது அல்ல. கார் புதிதாக இருந்தபோதிருந்த விலையை அடிப்படையாகக் கொண்டு, வயதுக்கு ஏற்பக் குறைத்துக் கணக்கிடுகிறார்கள். விலையுயர்ந்த கார்களுக்கான வரி விகிதம் கர்நாடகத்தில் மிக அதிகம். டெல்லிக் கார்கள் இங்கே மலிவாகத் தெரிவதன் காரணத்தில் பாதி இதுதான். வேறு மாநிலப் பதிவுடன் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே ஓட்டவும் சட்டம் இடம் தராது.

இனி சோதனைக்கு வருவோம். காரைப் பார்ப்பதற்கு முன் காகிதத்தைப் பாருங்கள். நடப்பு இன்சூரன்ஸ் பாலிசியை வாங்கி அதில் 'நோ கிளைம் போனஸ்' எத்தனை சதவீதம் என்று கவனியுங்கள். இழப்பீடு கேட்காத ஒவ்வோர் ஆண்டுக்கும் அது 20, 25, 35, 45, 50 என்று ஏறும். ஒருமுறை இழப்பீடு வாங்கினால் பூஜ்யத்துக்கு இறங்கும். 2018 முதல் ஒரே உரிமையாளரிடம் இருக்கும் ஆக்டேவியாவின் பாலிசியில் பூஜ்யமோ இருபதோ இருந்தால், அண்மையில் ஏதோ நடந்திருக்கிறது என்று பொருள். என்ன நடந்தது, எங்கே சரி செய்தார்கள், பில் எங்கே என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்விக்குத் தயங்குகிற விற்பனையாளரிடம் மேற்கொண்டு நேரம் செலவிட வேண்டியதில்லை.

நம் ஊரில் இதைவிடக் கடுமையான ஓர் ஆபத்து, வெள்ளத்தில் மூழ்கிய கார். 2022 செப்டம்பர் மழையில் யமலூர், பெல்லந்தூர், சர்ஜாபூர் சாலைப் பகுதிகளில் விலையுயர்ந்த கார்கள் வீட்டு வாசலிலேயே நீரில் நின்றதை எல்லோரும் பார்த்தோம். பழுது பார்க்கும் செலவு காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அதை முழு இழப்பாகக் கணக்கிடுகிறார்கள். அப்படி ஒதுக்கப்பட்ட கார்களில் சில, கழுவித் துடைத்து மறுபடியும் சந்தைக்கு வருகின்றன. அதற்கடுத்த ஆண்டு என் பட்டறைக்கு ஓர் இளம் தம்பதி ஒரு செடானைக் கொண்டுவந்தார்கள். பளபளப்பு குறையாத பெயின்ட், புது சீட் கவர், உள்ளே மல்லிகை வாசனைத் திரவியம். ஓட்டுநர் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தேன். வழக்கமாக வெளியே வரும் பகுதி கருநீலமாகச் சுத்தமாக இருந்தது. சுருளுக்குள்ளேயே கிடக்கும் கடைசி ஒரு முழம் மட்டும் காய்ந்த ஏரிச் சேற்றின் நிறத்தில், விரலால் தேய்த்தால் பொடி உதிரும்படி இருந்தது. சீட்டுக்கு அடியில் போகும் மின் இணைப்பைக் கழற்றியபோது செப்பு முனைகளில் பச்சை பூத்திருந்தது. அந்தப் பெண் ஒன்றும் பேசாமல், முன்பணம் கட்டிய ரசீதைக் கைப்பையிலிருந்து எடுத்துப் பார்த்தார். அன்றிலிருந்து எந்தக் காரின் கதவைத் திறந்தாலும் நான் முதலில் இழுப்பது சீட் பெல்ட்டைத்தான். நீங்களும் நான்கையும் இழுத்துப் பாருங்கள். டிக்கியில் ஸ்டெப்னி கிடக்கும் குழியையும் கைவிட்டுத் தடவிப் பாருங்கள்.

ஓடிய தூரத்தை மீட்டரைக் கொண்டு நம்ப வேண்டாம். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2422 என்றால் 2022ஆம் ஆண்டின் 24ஆம் வாரத்தில் செய்தது. 34,000 கி.மீ. மட்டும் ஓடிய 2022 விர்ட்டஸில் பெரும்பாலும் அதனுடைய முதல் டயர்களே இருக்க வேண்டும். நான்கும் புதிதாக இருந்தால் ஏன் மாற்றினார்கள் என்று கேளுங்கள். பிரேக் டிஸ்க்கின் வெளிவிளிம்பில் விரல் நகத்தை வைத்துப் பார்த்தால் தேய்மானத்தின் ஆழம் தெரியும். பெயின்ட் தடிமனை அளக்கும் கருவி வைத்திருப்பவரை அழைத்துச் செல்லுங்கள். தொழிற்சாலைப் பூச்சு பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் அளவில் இருக்கும். பட்டி போட்ட இடத்தில் அது பல நூறாக எகிறும். பம்பர், கதவில் டிங்கரிங் வேலை நடந்திருப்பது பெங்களூரில் பெரிய குற்றமல்ல. கூரையிலும் கதவுத் தூண்களிலும் நடந்திருந்தால் அந்தக் காரை விட்டுவிடுங்கள்.

ஓட்டிப் பார்ப்பதை இரண்டு கட்டமாகச் செய்யுங்கள். விற்பவரிடம் காலையில் எஞ்சினை இயக்க வேண்டாம் என்று முன்னரே சொல்லிவிட்டு, போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள்; சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். குளிர்ந்த எஞ்சின் எழுப்பும் முதல் சத்தத்தை நீங்களே கேட்க வேண்டும். இரண்டாவது கட்டம்தான் உண்மையான தேர்வு. நெரிசல் நேரத்தில் குறைந்தது முக்கால் மணி நேரம் ஊர்ந்து ஓட்டி, கிளட்ச் நன்றாகச் சூடான பிறகு ஓர் அடுக்குமாடி வளாகத்தின் அடித்தள வாகன நிறுத்தத்துக்குப் போங்கள். அதன் சரிவில் ஒருமுறை முன்னோக்கியும் ஒருமுறை ரிவர்ஸிலும் மிக மெதுவாக மேலே ஏறுங்கள். தேய்ந்த உலர் கிளட்ச் அங்கே ஒளிய முடியாது. ஸ்டியரிங்கிலும் இருக்கையிலும் நடுக்கம் தெரியும், சில கார்களில் கருகிய வாசனையும் வரும். சமதளத்தில் வெண்ணெய் போல் ஓடிய கார்கள் இந்தச் சரிவில் தோற்றதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அதன் பிறகு இந்த வகைக் கார்களுக்கான ஸ்கேனர் உள்ள ஒருவரிடம் பழுதுக் குறியீடுகளையும் கிளட்ச் தேய்வதற்கு ஏற்பக் கியர்பாக்ஸ் கணினி தானே செய்துகொள்ளும் திருத்தங்களான கிளட்ச் அடாப்டேஷன் அளவுகளையும் படித்து அச்செடுத்துக்கொள்ளுங்கள்.

பணத்தில் 18 லட்சத்தையும் காருக்கே கொடுத்துவிடாதீர்கள். 14.25 லட்சம் கேட்கும் விர்ட்டஸைக் கொஞ்சம் பேசிக் குறைத்தால் உத்தரவாத நீட்டிப்பு, பெயர் மாற்றம், இன்சூரன்ஸ் எல்லாம் போக இரண்டு லட்சத்துக்குக் குறையாமல் கையில் நிற்கும். அதைத் தொடாமல் வையுங்கள். படிவம் 29, 30 இரண்டும் பெயர் மாற்றத்துக்கு. கடன் போட்டு வாங்கிய கார் என்றால் படிவம் 35உம் வங்கியின் கடிதமும் வேண்டும். வண்டி எண்ணின் மேல் போக்குவரத்துப் போலீசாரின் நிலுவை அபராதங்கள் உண்டா என்று முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். பாலிசியைப் பதினான்கு நாட்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். விற்றவரின் நோ கிளைம் போனஸ் அவரோடு போய்விடும், உங்களுக்கு வராது. எஞ்சினைப் பாதுகாக்கும் கூடுதல் காப்பீட்டை மட்டும் தவறாமல் சேருங்கள். தேங்கிய நீரை உறிஞ்சி எஞ்சின் கெட்டால் சாதாரண பாலிசி பெரும்பாலும் கை கொடுக்காது.

வாங்கிய பிறகு நெரிசலில் ஒரு பழக்கத்தை நீங்கள் இருவரும் கடைப்பிடிக்க வேண்டும். முன்னால் இருக்கும் வண்டி ஓரடி நகரும்போதெல்லாம் நீங்களும் ஓரடி நகராதீர்கள். பிரேக்கை அழுத்தமாக மிதித்து நின்றால் கிளட்ச் முழுதாக விலகி ஓய்வெடுக்கும். ஒரு கார் அளவுக்கு இடைவெளி விட்டு, பிறகு ஒரே மூச்சில் நகர்ந்து நில்லுங்கள். பின்னால் ஹாரன் அடிப்பார்கள், அடிக்கட்டும்.

ரீமேப் பற்றிய கேள்விக்கு என் பதில், செய்யாதீர்கள் என்பதே. எஞ்சின் அதைத் தாங்கும். 250 நியூட்டன் மீட்டர் எல்லையில் ஏற்கெனவே நிற்கும் உலர் கிளட்ச் தாங்காது. உத்தரவாதத்தை நம்பித்தான் இந்தக் காரை நான் உங்களுக்குச் சொல்கிறேன்; ரீமேப் செய்த அன்றே அந்த உத்தரவாதத்தை இழக்கும் நிலைக்கு வந்துவிடுவீர்கள். இந்த நிறுவனத்தின் சர்வீஸ் கணினி, மென்பொருள் மாற்றப்பட்டதைக் கண்டால் அந்தக் காரின் பெயரில் டி.டி.1 என்ற குறியை இட்டுவிடும். பழைய மென்பொருளைத் திரும்ப ஏற்றினாலும் அந்தக் குறி தானாக அழியாது. நீங்கள் வாங்கப்போகும் காருக்கு முந்தைய உரிமையாளர் காலத்தில் அப்படி ஒரு குறி விழுந்திருக்கிறதா என்பதையும், உத்தரவாத நீட்டிப்பைப் பற்றிக் கேட்கும் அதே நாளில், நிறுவனத்தின் சர்வீஸ் நிலையத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

பவரைக் கூட்ட வைத்திருக்கும் பணத்தை டயருக்கும் பிரேக்குக்கும் கொடுங்கள். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய அதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். நீங்கள் நாமக்கல் போகும்போது தருமபுரி தாண்டியதும் வரும் தொப்பூர் கணவாய் முழுவதும் இறக்கம். முன்னால் பாரம் ஏற்றிய லாரிகள் போய்க்கொண்டிருக்கும். ஈரம் கலந்த பிரேக் ஆயில் சூட்டில் கொதித்தால் மிதி தரைவரை இறங்கிவிடும். காரை எடுத்த முதல் வாரத்திலேயே அதை மாற்றிவிடுங்கள். கணவாய் தொடங்கும் இடத்திலேயே லீவரை மேனுவல் பக்கம் தள்ளி மூன்றாம் கியரில் இறங்குங்கள். உங்கள் மனைவிக்கும் முதல் பயணத்தில் அருகில் அமர்ந்து இதைப் பழக்கிக் கொடுங்கள்.